உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் கதவு

ஒரு பிள்ளை வெளியே ஓடிவிடுமோ என்ற பயமும், அதே பிள்ளை வெளியே வர முடியாமல் போய்விடுமோ என்ற பயமும் ஒரே கதவில் வந்து நின்றால், அந்தக் கதவைச் சரிபார்க்கிறவர் எதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்? எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, போவதற்கு முன் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகும்படி நம் மேலாளர் கேட்டார். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல எழுத எனக்கு வயதும் இல்லை, துணிச்சலும் இல்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கிறது. வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றுகொண்டு அலுவலகம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வந்து போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. இந்த மாதத்தோடு நிற்கிறேன். மூத்தவள் தாராவுக்கு மூன்று வயது. அவள் மட்டும் இப்போதைக்கு, வேலைக்கு வரும் அவள் அப்பாவோடு தொடர்ந்து பிரிக்பீல்ட்ஸ் வருவாள். ஏன் வருவாள் என்பதில்தான் நான் சொல்ல வந்த கதையே இருக்கிறது.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். கடை, உணவகம், கிளினிக் என்று மக்கள் வந்து போகும் இடங்களின் வாசல் கதவுகளுக்கு என்ன பூட்டு, என்ன கைப்பிடி போடலாம் என்று சொல்கிறோம். போம்பா, அதாவது தீயணைப்புத் துறை, பார்க்க வருமுன் நாம் போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் ஒப்புதல் எழுதித் தருகிறோம். பொருள்களின் பெயரும் அளவும் பட்டியல்களில் இருக்கின்றன. விதியின் சாரம் மட்டும் மனத்தில் இருந்தால் போதும்: உள்ளே ஆள் இருக்கும்போது, வெளியேறும் வழியில் உள்ள கதவு உள்பக்கத்திலிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும். எப்படித் திறப்பது என்று யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கக் கூடாது. பலம் தேவைப்படக் கூடாது. புகைக்குள் நிற்கும் ஒருவர் நடுங்கும் கையோடு தொட்டாலும் திறக்க வேண்டும்.

இந்த விதியை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. இப்போதும் சந்தேகிக்கவில்லை. அதுதான் என் கஷ்டம்.

தாராவைப் பகலில் விடுவதற்கு விமலா அக்காவின் தாஸ்காவைக் கண்டுபிடித்தேன். தாஸ்கா என்பது சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். நம் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முன்னால் சட்டமில்லாத கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே இழுத்து மூடும் இரும்பு கிரில், பகலில் திறந்தே இருக்கும். அதற்கும் வெளியே காக்கி லீமா என்கிற கூரை போட்ட நடைபாதை, பிறகு நேராகப் பெரிய ரோடு. முதல் நாள் தாரா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தூக்கும் முன் குனிந்து பூட்டைப் பார்த்தேன். தொழில் புத்தி. பூட்டு கதவின் அடியில் இருந்தது. வெளியே ஒரு சாவித்துளை, உள்ளேயும் ஒரு சாவித்துளை.

"அக்கா, இது உள்ளேயும் சாவி போடற பூட்டு."

"ஆமாம்மா. சாவி இங்க இருக்கு பாருங்க." விமலா அக்கா கழுத்தில் தொங்கிய நாடாவை இழுத்துக் காட்டினார். "குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டேன்."

"நீங்க டாய்லெட்ல இருக்கும்போது ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அப்ப டாய்லெட் கதவயும் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?"

உதவிக்கு இருந்த மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். முன்பொரு தடவை ஒரு பையன் கதவு சாத்தும் முன் நழுவி ரோட்டுக்கு ஓடிவிட்டான். ஒரு கார் அவன் முன்னால் வந்து நின்றது. "அந்த டயர் சத்தம் இருக்கே, இன்னும் என் காதுல இருக்கும்மா. அதுக்கப்புறம்தான் இந்தப் பூட்டு."

நான் தலையாட்டிவிட்டு விதியைச் சொன்னேன். தீ பிடித்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். பின்வாசல் சமையலறை வழியாகத்தான் போகிறது, தீ வந்தாலும் அங்கிருந்துதான் வரும் என்று சொன்னேன். எல்லாம் சரியான பேச்சு. அந்த டயர் சத்தத்தைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் வெல்ல வேண்டிய ஒரு மறுப்பாக அதை எடுத்துக்கொண்டேன். இன்று நினைத்தால், அன்று கேட்டிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

அக்கா ஒத்துக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சொல்வீங்க. நீங்களே ஆள் சொல்லிருங்க." எனக்குப் பழக்கமான பூட்டுக்காரரான ஒரு சீன அங்கிளுக்குப் போன் செய்து கதவைப் பற்றி விவரித்து, மலாயில், "உள்பக்கம் குன்சி வேண்டாம் அங்கிள்" என்றேன். "உள்பக்கம் குன்சி வேண்டாம். போலே, போலே," என்றார் அவர், செய்யலாம் என்ற பொருளில்.

மலாயில் சாவிக்கும் குன்சிதான், பூட்டுக்கும் குன்சிதான். பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லோடு வாழ்கிறோம். அதனாலேயே அது இரண்டு பொருள் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

மறுநாள் மாலை தாராவைக் கூட்டிவரப் போனேன். கண்ணாடிக்கு உள்ளே அக்கா நின்று கையசைத்தார். கதவைத் திறக்கவில்லை. பக்கத்துத் தையல் கடையிலிருந்து ஒரு பெண் கையில் சாவியோடு ஓடிவந்தாள்.

"இருங்க அக்கா, நாந்தான் தொறக்கணும்."

"நீங்க ஏன் தொறக்கணும்?"

"உள்ள இருந்து தொறக்க வராதாமே. புதுப் பூட்டு. சாவிய என்கிட்ட குடுத்து வெளிய இருந்து பூட்டச் சொன்னாங்க."

கதவு திறந்ததும் குனிந்து பார்த்தேன். வெளியே சாவித்துளை. உள்ளே வழுவழுப்பான எஃகுத் தகடு. திருப்ப எதுவும் இல்லை, தொட எதுவும் இல்லை. பகல் முழுவதும் அத்தனை பிள்ளைகளும் இரண்டு பெண்களும் ஒரு தையல்காரப் பெண்ணின் கைப்பிடியில் இருந்திருக்கிறார்கள். அவள் மத்தியானம் சாப்பிடப் போயிருப்பாள்.

அக்காவுக்கோ ஒரே சந்தோஷம். "நீங்க சொன்ன மாதிரியே உள்ள சாவியே இல்ல பாருங்க! இந்தக் குட்டிங்களுக்கு நோண்ட ஒன்னும் கெடைக்கல."

அங்கிளை அங்கேயே வரவழைத்தேன். அவர் தகட்டைத் தடவிக் காட்டினார். "தங்காச்சி, நீதானே சொன்ன, குன்சி வேண்டாம்னு? எங்க இருக்கு குன்சி? பாரு, லிச்சின்!" லிச்சின் என்றால் வழுவழுப்பு. மலாயும் சைகையுமாக அவர் வாதாடியதைப் பார்த்து மேரி மறுபடி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் மீது தவறு சொல்லவும் முடியவில்லை. நான் சாவி என்று நினைத்துச் சொன்னேன், அவர் பூட்டு என்று எடுத்துக்கொண்டார். சொல் ஒன்றுதான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. பூட்டுக்காரரிடம் பொருளின் பெயரைச் சொல்லாதீர்கள், செய்யும் செயலைச் சொல்லுங்கள். "நீங்க உள்ள நில்லுங்க, நான் வெளிய இருந்து பூட்றேன், கையில ஒன்னும் இல்லாம வெளிய வாங்க" என்று சொல்லுங்கள். வந்தால் பூட்டு சரி. அங்கிள் அன்றே உள்பக்கம் விரலால் திருப்பும் ஒரு சிறு பிடியைப் போட்டார். நான் அவரை உள்ளே நிறுத்திப் பூட்டினேன். அவர் குனிந்து, முனகிக்கொண்டே திருப்பி வெளியே வந்தார். "வயசாயிருச்சு தங்காச்சி. இடுப்பு வலிக்குது," என்றார்.

அந்த முனகலிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டமில்லாத கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு அடியில்தான் வரும், தரையை ஒட்டி. நாம் குனிந்து திருப்புகிற இடம் அது. தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்கு அது கைக்கு எட்டும் இடம், கண்ணுக்கு நேரான இடம்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. நான்கூட அக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒருநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது மேரியின் போன் வந்தது. "அக்கா, தாரா... தாராவக் காணோம்" என்றாள்.

எப்படி ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. மோனோரயில் தூண்களுக்கு அடியில் கார்கள் போய்க்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு காரின் முன்பக்கத்தையும் பார்த்தேன். பூமாலைக் கடை ஒன்றில், ஒரு நாற்காலியில், கையில் ஒரு துண்டு மல்லிகைச் சரத்தோடு தாரா உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பிள்ளயா?" என்றார் கடைக்கார அண்ணே. "தனியா போய்க்கிட்டு இருந்துச்சு. எங்கம்மா போறன்னு கேட்டா, ஆபீசுக்குங்குது. அதான் பிடிச்சு உக்கார வெச்சேன். ரோட்டத் தாண்டப் பாத்துச்சு."

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டேன். அவள் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். "நான் தொறந்தேன்மா. இப்படி." முகம் முழுக்கப் பெருமை.

யாரும் சொல்லித்தராமல் திறக்க வேண்டும், பலம் தேவைப்படக் கூடாது என்பது விதி. மூன்று வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பலமும் தேவைப்படவில்லை. நான் போட்டுக்கொடுத்த பூட்டு எல்லா விதத்திலும் சரியாக இருந்தது.

அன்று மாலை அம்மாக்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். விமலா அக்கா ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தி அவரைப் பார்த்துக் கத்தத் தொடங்கியதும், பூட்டை மாற்றச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். ஏன் மாற்றினேன் என்றும் சொன்னேன்.

கவின் என்ற பையனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சிஸ், ரூல் எல்லாம் உங்க ஆபீஸ்ல வெச்சுக்குங்க லா. ஓடிப்போனது உங்க பிள்ள, அதனால சும்மா நிக்கிறோம். எங்க பிள்ளயா இருந்தா இந்நேரம் வேற மாதிரி ஆயிருக்கும்."

"தீ பிடிச்சா..."

"நம்ம எல்லாரும் வீட்டுல கிரில்லுக்குப் பூட்டுப் போட்டுத்தானே தூங்குறோம்? உங்க வீட்டுல போடறதில்லயா?"

போடுகிறோம். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் கிரில் பூட்டாமல் யாரும் தூங்குவதில்லை. சாவி எங்கே தொங்குகிறது என்று என் கணவருக்கே சில நாள் தெரியாது.

மறுநாள் காலை கிரில்லில் ஒரு கனமான தொங்குபூட்டு இருந்தது. சாவி மறுபடி அக்காவின் கழுத்தில். நீங்கள் என்னை எப்படி நினைத்தாலும் இதை மறைக்காமல் எழுதுகிறேன்: அந்தப் பூட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தாராவை உள்ளே விட்டு, அது 'டக்' என்று விழும் சத்தத்தைக் கேட்டு, முதல் தடவையாகத் திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு நடந்தேன். பாதி வழியில்தான் நான் யார், என்ன வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

அதன் பிறகு அக்காவிடம் வேறு வழிகள் பேசினேன். உள்ளே இடுப்பளவு ஒரு சிறு கேட் வைத்து, பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் கொக்கி போடலாம். கதவு திறந்தால் மணி அடிக்க வைக்கலாம். சட்டம் போட்ட கதவாக மாற்றினால் பிடியை உயரத்தில் வைக்கலாம். கதவை மாற்றக் கட்டடத்தின் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. கேட்டுக்கு இடம் விட்டால் பிள்ளைகள் படுக்க இடமில்லை. மணி வைத்தார்கள். ஒவ்வொரு அம்மா வரும்போதும் அடித்து, தூங்கும் பிள்ளைகள் எழுந்து அழுததால் மேரி அதைக் கழற்றிவிட்டாள். எல்லாவற்றுக்கும் வழி இருந்திருக்கும், பூட்டைக் கழற்றுவதற்கு முன் நான் பேசியிருந்தால். ஒரு பிள்ளை ஓடிப்போன பிறகு யாரும் அந்தக் கதவைப் பற்றி எதையும் கேட்கத் தயாராக இல்லை. நீங்கள் ஒரு பூட்டை எடுக்கச் சொல்லும்போது, அதை அங்கே மாட்டிய பயம் என்ன என்று முதலில் கேளுங்கள். அந்தப் பயத்துக்கு வேறொரு ஏற்பாடு செய்துவிட்டுப் பூட்டைத் தொடுங்கள். எனக்கு இது தாமதமாகத் தெரிந்தது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். அக்காவின் தாஸ்காவுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரம். அடுத்த வாரம் போம்பாவிலிருந்து பார்க்க வருகிறார்கள். போன வாரம் தாராவைக் கூட்டிவரப் போனபோது அக்கா என்னை ஓரமாக அழைத்தார்.

"நீங்க அன்னிக்கு வந்து என்கூட நிக்கணும்மா. எனக்கு அவங்ககிட்ட பேச வராது. நீங்க இருந்தா மரியாதயா பேசுவாங்க."

"கிரில் பூட்டு இருக்கேக்கா."

அக்கா சிரித்தார். தொங்குபூட்டுக்கு மலாயில் மங்கா என்று பெயர். மாம்பழத்துக்கும் அதே பெயர்தான். "அன்னிக்கு மட்டும் மாங்காவப் பறிச்சிருவேன். மறுநாள் தன்னால காய்ச்சிரும்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்ததில்தான் எனக்கு வெட்கம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்பாங்கில் ஓர் உணவகத்தில் இதையே பார்த்திருக்கிறேன். எங்கள் கார் நிற்பதைக் கண்டு ஒருவர் பின்கதவின் சங்கிலியை அவசரமாக உருவினார். நான் விடவில்லை. சங்கிலி தேய்த்த தடத்தைப் படம் எடுத்து, சரிசெய்யும்வரை ஒப்புதல் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலேயே மதிப்பாக இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

விமலா அக்காவை எனக்குத் தெரியும். தாராவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் மடியில் போட்டுக்கொண்டு மாலைவரை இறக்காதவர். அந்த தாஸ்காவை மூடிவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. அங்கே பிள்ளை விடும் அம்மாக்கள் பாதிப் பேர் மறுநாள் வேலைக்குப் போக முடியாது.

என் கணவர் சுலபமாகச் சொல்கிறார்: "தாராவ மட்டும் எடுத்துருவோம். மத்தத நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கற?" எடுத்துவிடலாம். அப்போது அந்த கிரில்லுக்குப் பின்னால் தூங்கும் மற்றப் பிள்ளைகளைப் பற்றி, அந்தப் பூட்டின் ஆபத்து முழுதாகத் தெரிந்த ஒரே ஆள் நானாக இருப்பேன், வீட்டில் உட்கார்ந்துகொண்டு. அதைவிட அவள் அங்கேயே இருந்தால், நான் மறக்காமலாவது இருப்பேன் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. தன் பிள்ளையை இப்படி நினைக்கிற அம்மாவும் உண்டா என்று மறுநேரம் தோன்றுகிறது.

அக்காவிடம் "பாக்குறேன்க்கா" என்று சொல்லியிருக்கிறேன். நம் ஊரில் அதற்கு சரி என்றும் பொருள், முடியாது என்றும் பொருள். அக்கா சரி என்று எடுத்துக்கொண்டார். நேற்று தாராவின் பையில் எனக்காக ஒரு டப்பா லட்டு வைத்து அனுப்பியிருந்தார்.

அன்று அக்காவின் பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் இருந்தால், இத்தனை வருடம் நான் எழுதிய ஒவ்வொரு ஒப்புதலும் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்கும். அதிகாரியிடம் நானே சொன்னால், என்னை நம்பிக் கூப்பிட்டவரை நானே பிடித்துக் கொடுத்ததாகிவிடும். முன்கூட்டியே அக்காவிடம், பூட்டைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அதிகாரியிடம் சொல்வேன் என்றால், அவர் கழற்றுவார். பிறகு இன்னொரு பிள்ளை ரோட்டுக்குப் போனால்? தினமும் தாஸ்காவைச் சாத்தும் நேரம்வரை வாசலில் ஓர் ஆளை நிறுத்த எல்லா அம்மாக்களும் முறைவைத்து வரலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கவினின் அம்மாவிடம் அதைக் கேட்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் சிலர், முன்பு வேலை செய்த இடங்களில், நான் பார்த்ததைவிடப் பெரிய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். சிலருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். எனக்கு எழுதுங்கள், அடுத்த வாரத்துக்குள். விதி என்ன சொல்கிறது என்று எழுத வேண்டாம், அது எனக்குத் தெரியும். நீங்கள் மதிக்கிற ஒருவர், உங்கள் பிள்ளையை வளர்த்துத் தருகிற ஒருவர், அந்த வாசலில் உங்களைப் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டிருந்தால், அன்று மட்டும் பூட்டில்லாத கிரில்லை அதிகாரி பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பும்போது நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்த வார்த்தையை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.